நேற்றைய உச்சி, இன்றைய முதல் படி: இந்தியா–பாகிஸ்தான் பதற்றம் ஏறிவந்த விதம்

2025 மே 10, சனிக்கிழமை, பிற்பகல் 3.35 மணி. பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் மேஜர் ஜெனரல் காஷிஃப் அப்துல்லா, டெல்லியில் அதே பொறுப்பில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் ராஜீவ் காயை ஹாட்லைனில் அழைத்தார். மாலை 5 மணி முதல் தரையிலும் வானிலும் கடலிலும் சண்டையை நிறுத்துவது என்று இருவரும் பேசி முடித்தார்கள். அன்று விடிவதற்கு முன்புதான், ராவல்பிண்டியில் உள்ள நூர் கான் தளம் உட்படப் பாகிஸ்தானின் பல விமானத் தளங்களை இந்திய ஏவுகணைகள் தாக்கியிருந்தன. ‘புன்யான்-உன்-மர்சூஸ்’ என்று பெயரிட்ட பதில் நடவடிக்கையில் உதம்பூர், பதான்கோட், ஆதம்பூர், புஜ் ஆகிய இடங்களில் உள்ள இந்தியத் தளங்களைப் பாகிஸ்தான் குறிவைத்திருந்தது. மே 7 அன்று நள்ளிரவு தாண்டி 1.05 மணிக்கு விழுந்த முதல் ஏவுகணையிலிருந்து கணக்கிட்டால், எல்லாம் சேர்ந்து 88 மணி நேரம்.

இந்த 88 மணி நேரத்தை 1999-ஆம் ஆண்டின் கார்கில் போரோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இடையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெரியும். கார்கில் சண்டை இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. இந்தியா 527 வீரர்களை இழந்தது. ஆனாலும், எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அரசு இட்ட கட்டளைக்குள் நின்றுதான் இந்திய விமானப்படை கடைசி வரை போரிட்டது. 2025-இலோ, முதல் அரைமணி நேரத்துக்குள் சர்வதேச எல்லையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பஹாவல்பூர் தாக்கப்பட்டது. இந்த 26 ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே பகை பெருகிவிட்டது என்று சொல்லி விளக்கத்தை அத்துடன் முடித்துவிட முடியாது. பகை 1999-இலும் குறைவாக இருக்கவில்லை. ஒரு நெருக்கடியில் ஏறி நின்ற உச்சி, அடுத்த நெருக்கடியில் முதல் படியாகிவிடுகிறது என்பதுதான் மாற்றம். மேலே ஏறுவதற்கான படிகள் இப்படிக் கூடிக்கொண்டே போக, கீழே இறங்குவதற்கென்று இரு நாடுகளும் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய படிகளை ஒவ்வொன்றாக அவர்களே பெயர்த்து எடுத்துவருகிறார்கள். இந்த இரண்டாவது பாதியைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

வரைபடத்தில் முடியாத கோடு

1947 அக்டோபர் 22 அன்று பழங்குடிப் படையினர் காஷ்மீருக்குள் நுழைந்ததும், 26 அன்று மகாராஜா ஹரி சிங் இந்தியாவுடன் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும், மறுநாள் இந்தியப் படைகள் ஸ்ரீநகரில் இறங்கியதும் பலரும் அறிந்தவை. 1949 ஜனவரி 1 அன்று சண்டை நின்றபோது யார் எங்கே நின்றார்களோ, அதை ஒட்டி அந்த ஆண்டு ஜூலையில் கராச்சியில் ஒரு போர்நிறுத்தக் கோடு வரையப்பட்டது. 1965 போருக்குப் பிறகு தாஷ்கண்டில் 1966 ஜனவரி 10 அன்று செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பெரும் உயிரிழப்போடு பிடித்த ஹாஜி பீர் கணவாயை இந்தியா திருப்பிக் கொடுத்தது. 1971 போரின் முடிவில் வங்கதேசம் பிறந்தது. சுமார் 93,000 பேர் போர்க்கைதிகளாக இந்தியாவின் பிடியில் இருந்தார்கள். 1972 ஜூலை 2 அன்று சிம்லாவில் கையெழுத்தான ஒப்பந்தம், பழைய போர்நிறுத்தக் கோட்டைச் சிற்சில மாற்றங்களுடன் ‘எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு’ ஆக்கியது. இரு தரப்பும் இதைத் தன்னிச்சையாக மாற்றக் கூடாது, சச்சரவுகளைத் தங்களுக்குள் பேசியே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பவை அதன் சாரம்.

சுமார் 740 கிலோமீட்டர் நீளும் இந்தக் கோடு, என்ஜே 9842 என்ற வரைபடப் புள்ளியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் மனிதர் வாழ முடியாத பனிமலை என்பதால், ‘அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை’ என்று கராச்சி உடன்பாட்டில் எழுதிவிட்டு அளவையாளர்கள் பேனாவை மூடிவிட்டார்கள். அந்தச் சில சொற்களுக்கு இரு நாடுகளும் இரண்டு பொருள் கொண்டன. 1984 ஏப்ரலில் ‘ஆபரேஷன் மேக்தூத்’ மூலம் இந்தியப் படைகள் சியாச்சின் உச்சிகளை எட்டின; அன்று முதல் இரண்டு ராணுவங்களும் அங்கே நின்றுகொண்டிருக்கின்றன. குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்களே அங்கு அதிகம். 2012 ஏப்ரல் 7 அன்று கயாரியில் ஒரே பனிச்சரிவில் பாகிஸ்தான் தரப்பில் 140 பேர் புதைந்துபோனார்கள். எழுதாமல் விட்ட அரை வரிக்கு இரு நாட்டு இளைஞர்களும் கொடுத்துவரும் விலை இது.

கோடு வரையப்பட்டிருக்கும் இடங்களிலும் அது வாழ்க்கையின் குறுக்கே ஓடுகிறது. குப்வாரா மாவட்டத்தின் கேரன் பகுதியில் கிஷன்கங்கா ஆறுதான் கோடு. எதிர்க்கரையில் அதே ஆற்றுக்கு நீலம் என்று பெயர். பிரிந்துபோன உறவினர்கள் இரு கரையிலும் வந்து நின்று, நீரின் இரைச்சலுக்கு மேலே குரல் எழுப்பி நலம் விசாரித்துக்கொள்வது அங்கு நெடுநாள் வழக்கம். எதிரே நிற்கும் முகம் தெரியும், கை அசைப்பது தெரியும். ஆனால் அந்தக் கரையை அடைய வேண்டுமானால் இரண்டு அரசுகளின் அனுமதி வேண்டும். பீரங்கிகள் முழங்கத் தொடங்கினால் முதலில் வெறுமையாவது இத்தகைய கரைகள்தான்.

அணுகுண்டின் நிழலில் ஒரு நப்பாசை

1998 மே மாதத்தில் இந்தியா பொக்ரானிலும் பாகிஸ்தான் சாகாயிலும் அணுகுண்டுச் சோதனைகளை நடத்தின. இனி இந்த இரு நாடுகளுக்கும் இடையே போர் வராது, ஏனென்றால் இருவருமே அழிவார்கள் என்ற ஒரு வாதம் அப்போது பரவலாக வைக்கப்பட்டது. அந்த நம்பிக்கைக்கு ஓராண்டுகூட ஆயுள் இருக்கவில்லை. பிரதமர் வாஜ்பாய் 1999 பிப்ரவரியில் பேருந்தில் லாகூருக்குச் சென்று கையெழுத்திட்ட பிரகடனத்தின் மை காய்வதற்குள், பாகிஸ்தான் படையினர் கார்கில் மலைமுகடுகளில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அணுகுண்டு பெரிய போரைத் தடுக்கும் என்பதாலேயே சிறிய சண்டைகளைத் துணிந்து நடத்தலாம் என்று ஒரு தரப்பு எண்ணியதன் விளைவு அது. இந்த எண்ணத்துக்கு இந்தியா தேடிய பதில்தான் பின்வந்த கால் நூற்றாண்டின் கதை: அணு ஆயுதத்தின் வாசலை மிதிக்காமல், அதற்குக் கீழே எவ்வளவு தூரம் வரை அடிக்கலாம்?

முதல் பதில் தோல்வியில் முடிந்தது. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வளாகம் தாக்கப்பட்டதும் இந்தியா ‘ஆபரேஷன் பராக்ரம்’ என்ற பெயரில் லட்சக்கணக்கான படையினரை எல்லைக்கு நகர்த்தியது. படைகள் வந்து சேர மூன்று வாரங்களுக்கு மேல் ஆயின. அதற்குள் ஜெனரல் முஷரஃப் தொலைக்காட்சியில் தோன்றிப் பயங்கரவாத அமைப்புகளைத் தடை செய்வதாக அறிவித்தார்; உலக நாடுகள் தலையிட்டன; பத்து மாதம் எல்லையில் நின்ற படை, போரே நடக்காமல், கண்ணிவெடி விபத்துகளிலும் பிற விபத்துகளிலும் பல நூறு பேரை இழந்து திரும்பியது. இனி வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது, சில நாட்களுக்குள் எல்லையைத் தாண்டிக் குறுகலான நிலத்தைப் பிடிக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு வகுக்கப்பட்ட உத்திக்கு ‘கோல்ட் ஸ்டார்ட்’ என்று பெயர் வந்தது. அதற்கு எதிராகப் பாகிஸ்தான் 2011-இல் ‘நஸ்ர்’ என்ற, 60 கிலோமீட்டர் மட்டுமே பாயும், அணுகுண்டு ஏந்தக்கூடிய ஏவுகணையைச் சோதித்தது. தன் மண்ணுக்குள் நுழையும் படைமீதே போர்க்களத்தில் அணுகுண்டை வீசுவோம் என்பதுதான் அதன் பொருள். முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்பது இந்தியாவின் அறிவிக்கப்பட்ட கொள்கை. பாகிஸ்தானுக்கு அப்படியொரு கொள்கை இல்லை. ஒருவரின் தற்காப்பு அடுத்தவரின் கண்ணுக்குத் தாக்குதலாகத் தெரிய, அதற்கான பதில் முதலாமவரை இன்னும் வேகமாக்குகிறது.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்ட பின்னும் மன்மோகன் சிங் அரசு ராணுவ வழியில் இறங்கவில்லை. அந்தப் பொறுமை சரியா தவறா என்று இன்றும் சண்டையிடுகிறார்கள். உலகின் அனுதாபமும் அழுத்தமும் அதனால் இந்தியாவின் பக்கம் திரும்பியது உண்மை. தாக்குதலைத் திட்டமிட்டவர்கள் போதிய தண்டனை பெறவில்லை என்பதும் அதே அளவு உண்மை. ‘பொறுத்தோம், பயன் இல்லை’ என்ற கசப்பு இந்தியப் பொதுவெளியில் படிந்ததற்கு அந்த இரண்டாவது உண்மையே காரணம். அடுத்து வந்த எந்த அரசும் அந்தப் பொறுமையை மீண்டும் கடைப்பிடிப்பது அரசியல் ரீதியாக மிகக் கடினமாகிவிட்டது.

மூன்று தாக்குதல்கள், மூன்று உயரங்கள்

2016 செப்டம்பர் 18 அன்று உரி ராணுவ முகாம் தாக்கப்பட்டது. பதினொரு நாள் கழித்து, கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டித் துல்லியத் தாக்குதல் நடத்தியதாக இந்தியா அறிவித்தது. கோட்டைத் தாண்டிய சிறு நடவடிக்கைகள் அதற்கு முன்பும் இரு தரப்பிலும் நடந்ததுண்டு. அதை வெளிப்படையாக அறிவித்ததுதான் புதிது. ஆனால் இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது பாகிஸ்தான் சொன்ன பதில். அப்படி எந்தத் தாக்குதலும் நடக்கவில்லை என்று அது மறுத்துவிட்டது. நடக்காத தாக்குதலுக்குத் திருப்பி அடிக்க வேண்டிய அவசியம் இல்லை அல்லவா? ஒருவர் வெற்றியை அறிவித்துக்கொள்ளவும் மற்றவர் அவமானமின்றி ஒதுங்கிக்கொள்ளவும் அந்த மறுப்பு இடம் கொடுத்தது. பொய்யோ மெய்யோ, அது ஓர் இறங்குபடியாக இருந்தது.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் கொல்லப்பட்டபோது அந்தப் படி இல்லாமல்போனது. பிப்ரவரி 26 அதிகாலையில் இந்தியப் போர் விமானங்கள் கைபர் பக்தூன்க்வாவில் உள்ள பாலாகோட்டைத் தாக்கின. 1971-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. குண்டுகள் மரங்களின்மீதுதான் விழுந்தன என்று சொன்ன பாகிஸ்தான், மறுநாள் பட்டப்பகலில் தன் விமானங்களை அனுப்பியது. வான் சண்டையில் விங் கமாண்டர் அபிநந்தனின் மிக்-21 வீழ்த்தப்பட்டு, அவர் பிடிபட்டார். முகத்தில் ரத்தக் காயத்துடன் அவர் நிற்கும் காணொளி வெளியான மாலை, தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் பேச்சு நின்றுபோனது என்பது அந்த நாளை அறிந்தவர்களுக்கு நினைவிருக்கும். மார்ச் 1 அன்று அவர் வாகா வழியே திரும்பினார், பதற்றம் தணிந்தது.

அதே பிப்ரவரி 27 காலையில் நடந்த இன்னொன்றை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். பட்காமில் இந்திய விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் ஒன்று, எதிரியுடையது என்று தவறாக எண்ணப்பட்டு, நம் ஏவுகணையாலேயே வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஆறு விமானப்படையினரும் தரையில் இருந்த ஒரு பொதுமகனும் இறந்தார்கள். பரபரப்பில், சில விநாடிகளில், பயிற்சி பெற்ற கைகளுக்கே தன்னவர் யார், எதிரி யார் என்று தெரியாமல் போகிறது. அணு ஆயுதங்களைக் கையில் வைத்துக்கொண்டு மோதும் நாடுகளைப் பற்றிப் பேசும்போது, தலைவர்களின் நோக்கத்தைவிட இந்த மாதிரியான விநாடிகளையே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

2022 மார்ச் 9 மாலை இந்த அச்சத்துக்கு இன்னொரு சான்று கிடைத்தது. எந்த நெருக்கடியும் இல்லாத ஒரு சாதாரண நாளில், இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து, எல்லை தாண்டி, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிகுண்டு பொருத்தப்படவில்லை, யாரும் இறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தொழில்நுட்பக் கோளாறு என்று இந்தியா வருத்தம் தெரிவித்தது. பின்னர் மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டித் தெரிவித்துக்கொள்ளும் 2005-ஆம் ஆண்டு உடன்பாடு இரு நாடுகளுக்கும் இடையே உண்டு. ஆனால் அது பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டுமே. பிரம்மோஸ் போன்ற க்ரூஸ் வகை அதற்குள் வராது. அந்த ஓட்டையை அடைக்கும் பேச்சு அதற்குப் பிறகும் நடக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 2025 மே மாதத்தில், இரு தரப்பும் அதிகம் பயன்படுத்திய ஆயுதங்கள், எந்த உடன்பாட்டுக்குள்ளும் வராத இத்தகைய ஏவுகணைகளும் ட்ரோன்களும்தான்.

அந்த மே மாதத்துக்கு வருவோம். ஏப்ரல் 22 அன்று பஹல்காமின் பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போனவர்களை மதம் கேட்டுப் பிரித்துச் சுட்ட கொடுமை நாட்டையே உலுக்கியது. பதிலடி கொடுத்தே ஆக வேண்டும் என்ற மனநிலை அரசுக்கு வெளியே, தெருவில், தானாகவே உருவாகியிருந்தது. மே 7 அதிகாலை, ‘ஆபரேஷன் சிந்தூர்’ என்ற பெயரில் இந்தியா ஒன்பது இடங்களைத் தாக்கியது. அவற்றில் ஐந்து பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரில். நான்கு பாகிஸ்தானின் பஞ்சாபில். ஜெய்ஷ்-இ-முகமதுவின் பஹாவல்பூரும் லஷ்கர்-இ-தொய்பாவின் முரீத்கேயும் அந்த நான்கில் அடங்கும். பாகிஸ்தான் ராணுவத்தின் உயிர்நாடி பஞ்சாப். 1971-க்குப் பிறகு அங்கு இந்தியா கை வைத்ததில்லை. ராணுவ நிலைகள் எதையும் தொடவில்லை, எங்கள் நடவடிக்கை அளவோடு முடிந்தது என்று டெல்லி அறிவித்தது. தாக்குதலுக்குப் பிறகு தாம் எதிர்த்தரப்பைத் தொடர்புகொள்ள முயன்றதாகவும், கடுமையான பதிலடி தவிர்க்க முடியாதது என்ற சொல்லோடு அது நிராகரிக்கப்பட்டதாகவும் ராஜீவ் காய் பிறகு கூறினார்.

அளவு என்பது அடிப்பவரின் கணக்கு. வாங்குபவர் அதே கணக்கை வைத்திருப்பதில்லை என்பது அடுத்த மூன்று நாட்களில் தெரிந்தது. கட்டுப்பாட்டுக் கோட்டின் நெடுகப் பாகிஸ்தான் பீரங்கிகள் முழங்கின. அதிகம் அடிவாங்கியது பூஞ்ச். கோட்டுக்கு வெகு அருகில் இருக்கும் அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் குழந்தைகள் உட்படப் பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். வயலை ஒட்டிய கிராமங்கள் சிலவற்றில் பதுங்கு குழிகள் உண்டு. பல ஆண்டுகளாகக் குண்டு விழாமல் இருந்த ஊர்நடுவே அந்த வசதி இல்லை. தங்கள் தரப்பில் 40 பொதுமக்கள் இறந்ததாகப் பாகிஸ்தான் ராணுவம் அறிவித்தது. மே 8 இரவில் லே முதல் சர் க்ரீக் வரை 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் வந்ததாக இந்தியா கூறியது. லாகூரில் ஒரு வான்பாதுகாப்பு அமைப்பைச் செயலிழக்கச் செய்ததாகவும் இந்தியா அறிவித்தது. மே 10 அதிகாலை நூர் கான் தளம்.

நூர் கானை வெறும் இன்னொரு விமானத் தளமாக எண்ணக் கூடாது. பாகிஸ்தான் ராணுவத் தலைமையகமும், அந்நாட்டின் அணு ஆயுதங்களை நிர்வகிக்கும் பிரிவின் தலைமையகமும் அதற்கு அதிகத் தொலைவில் இல்லை. அங்கே விழும் ஏவுகணை, விமான ஓடுதளத்தைக் குறிவைத்ததா அல்லது அணு ஆயுதக் கட்டளை அமைப்பைக் குருடாக்க வந்ததா என்பதை, விழுந்த சில நிமிடங்களில் ராவல்பிண்டியில் இருப்பவர் எப்படித் தீர்மானிப்பார்? அன்று காலை அணு ஆயுத முடிவுகளை எடுக்கும் தேசியக் கட்டளை ஆணையம் கூடப்போவதாகச் செய்தி வந்தது; சற்று நேரத்தில் பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிஃப் அதை மறுத்தார். இரு நாடுகளிடமும் தலா 170-க்குக் குறையாத அணுகுண்டுகள் இருப்பதாக ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. இரண்டும் பக்கத்து வீடுகள். இங்கிருந்து புறப்படும் ஏவுகணை அங்கு போய்ச் சேர ஆகும் நேரம், பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் கிடைத்த அரைமணி நேரத்தைவிட மிகக் குறைவு.

இருவரும் வென்ற போர்

சண்டை நின்றதும் இரு நாடுகளிலும் வெற்றிக் கொண்டாட்டம் நடந்தது. இந்திய விமானங்கள் பலவற்றை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் உரிமை கோரியது. எண்ணிக்கை சொல்லாமல், இழப்பு நேர்ந்ததை மட்டும் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் மே 31 அன்று சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார். பாகிஸ்தானின் ஐந்து போர் விமானங்களையும் ஒரு பெரிய விமானத்தையும் வீழ்த்தியதாக இந்திய விமானப்படைத் தளபதி ஆகஸ்டில் கூறினார்; பாகிஸ்தான் அதை மறுத்தது. எந்தக் கணக்கு சரி என்பதைவிட, இரு ராணுவங்களும் தாம் வென்றதாக உண்மையிலேயே நம்புவதே கவலைக்குரியது. தோற்றவர் யோசிப்பார், வென்றவர் அதே வழியில் இன்னும் வேகமாகப் போவார்.

போகிறார்கள் என்பதற்கான அடையாளங்கள் உள்ளன. இனி வரும் எந்தப் பயங்கரவாதத் தாக்குதலும் போர்ச் செயலாகவே கருதப்படும் என்று இந்திய அரசுத் தரப்பு மே 10 அன்று தெரிவித்தது. ‘ஆபரேஷன் சிந்தூர்’ நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, முடியவில்லை என்றும், அணு ஆயுத மிரட்டலுக்குப் பணிய மாட்டோம் என்றும் இரண்டு நாள் கழித்துப் பிரதமர் மோடி உரையாற்றினார். பாகிஸ்தானில் ராணுவத் தளபதி ஆசிம் முனீர் ஃபீல்டு மார்ஷல் ஆக்கப்பட்டார். ஆகஸ்டில் தனியாக ஒரு ராக்கெட் படைப்பிரிவு அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 17 அன்று சவூதி அரேபியாவுடன், ஒருவர்மீதான தாக்குதல் இருவர்மீதான தாக்குதல் என்ற உடன்பாடு கையெழுத்தானது. பகிரங்கமாக உரைத்த சூளுரை, உரைத்தவரின் கையையே கட்டிவிடும் அபாயம் உண்டு. அடுத்த தாக்குதலை நடத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் ஒரு சிறு கும்பலின் கையில், இரண்டு அணு ஆயுத நாடுகள் போருக்குப் போவதா என்ற முடிவும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஆனால் நடைமுறையில் அரசுகள் தம் சூளுரையைவிடச் சற்று நிதானமாகவே நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே கார் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மத்திய அமைச்சரவை அதைப் பயங்கரவாதச் செயல் என்று கண்டித்தது. ஆனால் பாகிஸ்தானைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டவில்லை, ஏவுகணைகளும் பறக்கவில்லை. விசாரணைக்கு நேரம் கொடுக்கப்பட்டது. அந்த நேரம்தான் எல்லாவற்றிலும் விலைமதிப்பானது.

பெயர்த்தெடுக்கப்படும் படிகள்

நேரத்தைத் தருபவை உடன்பாடுகளும் நடைமுறைகளும். அவற்றில் மிகப் பழையதும் உறுதியானதும் சிந்து நதிநீர் ஒப்பந்தம். உலக வங்கியின் துணையோடு 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட அது, ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய கிழக்கு நதிகளை இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்கு நதிகளைப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கும் பிரித்துக் கொடுத்தது. 1965, 1971, 1999 என மூன்று சண்டைகளிலும் அது முறியவில்லை; பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்தபோதும் ஒப்பந்தம் நடப்பில் இருந்தது. பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், ஏப்ரல் 23 அன்று, இந்தியா அதை நிறுத்திவைத்தது. தண்ணீரைத் தடுத்தால் அது போர்ச் செயல் என்று பாகிஸ்தான் அறிவித்தது.

நிறுத்திவைத்ததால் செனாப் ஒரே நாளில் வறண்டுவிடாது. பாக்லிஹார், சலால் போன்ற அணைகள் ஓடும் நீரில் மின்சாரம் எடுப்பவை. அவ்வளவு நீரைத் தேக்கிவைக்கும் கொள்ளளவு அவற்றுக்கு இல்லை. உடனடியாக நின்றுபோனது தகவல். எவ்வளவு நீர் வருகிறது, எப்போது மதகு திறக்கப்படும் என்று இரு நாட்டுச் சிந்து ஆணையர்களும் பரிமாறிக்கொண்ட குறிப்புகள் நின்றன. கடைமடை விவசாயிக்கு நீர் எவ்வளவு முக்கியமோ, அது எந்த நாளில் வரும் என்ற தகவலும் அவ்வளவு முக்கியம் என்பதைக் காவிரிக் கரையில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் ஜம்முவில் பெருமழை பெய்து தாவி ஆறு பெருக்கெடுத்தபோது, இந்தியா பாகிஸ்தானுக்கு வெள்ள எச்சரிக்கை அனுப்பியது. ஆனால் வழக்கமான ஆணையர் வழியாக அனுப்பாமல், மனிதாபிமான அடிப்படையில் என்று குறிப்பிட்டு, இஸ்லாமாபாத்தில் உள்ள தூதரகம் வழியாக அனுப்பியது. எச்சரித்தது நல்ல செயல். 65 ஆண்டுகளாக உரிமையாக இருந்த ஒன்று சலுகையாகிவிட்டதையும் அதே செயல் காட்டியது. பாகிஸ்தானின் பஞ்சாப் அந்த மாதம் மாபெரும் வெள்ளத்தில் மூழ்கியது.

மற்றப் படிகளும் இப்படியே. 2005-இல் தொடங்கிய ஸ்ரீநகர்–முசாஃபராபாத் பேருந்தும், கோட்டின் குறுக்கே 2008-இல் தொடங்கிப் பண்டமாற்றாக நடந்த வணிகமும் 2019-இல் நின்றன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று 370-ஆவது பிரிவின் கீழ் இருந்த சிறப்புத் தகுதி நீக்கப்பட்டதும் பாகிஸ்தான் இந்தியத் தூதரைத் திருப்பி அனுப்பியது. அன்று முதல் இரண்டு தலைநகரங்களிலும் மற்ற நாட்டின் முழுநிலைத் தூதர் இல்லை. 2025 ஏப்ரலில் ராணுவ ஆலோசகர்கள் வெளியேற்றப்பட்டார்கள், தூதரக ஊழியர் எண்ணிக்கை 55-இலிருந்து 30-ஆகக் குறைக்கப்பட்டது, அட்டாரி வாயில் மூடப்பட்டது, சிம்லா ஒப்பந்தத்தையே நிறுத்திவைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று பாகிஸ்தான் கூறியது. வான்வழி இரு பக்கமும் அடைக்கப்பட்டு, தடை மாதம் மாதமாக நீட்டிக்கப்பட்டது. தலைவர்கள் ஒதுக்குப்புறமாகச் சந்தித்துப் பேச வாய்ப்பளித்த சார்க் உச்சி மாநாடு 2014-க்குப் பிறகு கூடவே இல்லை. இவற்றில் ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால், சினத்தைக் காட்டுவதற்கான நியாயமான வழியாகத் தோன்றலாம். எல்லாம் சேர்ந்தபோது, மே 10 பிற்பகலில் பேசுவதற்கு மிஞ்சியிருந்த நேரடி வழி இரண்டு ராணுவ அதிகாரிகளின் மேசைகளை இணைத்த ஒரு தொலைபேசிதான். அதுவும் ஒலிப்பதற்கு முன் வாஷிங்டனிலிருந்து பலமுறை தொலைபேசிகள் ஒலிக்க வேண்டியிருந்தது. போர்நிறுத்தத்தை உலகுக்கு முதலில் அறிவித்தவர் அதிபர் டிரம்ப். அதில் மூன்றாம் தரப்புக்குப் பங்கில்லை என்று இந்தியா இன்றும் சொல்லிவருகிறது.

2003 நவம்பரில் தொடங்கிச் சில ஆண்டுகள் கட்டுப்பாட்டுக் கோடு அமைதியாக இருந்தது. அது சிதைந்து, 2020-இல் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அத்துமீறல்கள் நடந்ததாக இந்தியா கணக்குச் சொன்னது. 2021 பிப்ரவரியில், இரு ராணுவங்களிலும் நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர்களாக அப்போது இருந்தவர்களின் ஒரு கூட்டறிக்கை வெளியானது. துப்பாக்கிகள் ஏறக்குறைய ஒரே இரவில் ஓய்ந்தன. முள்வேலிக்கு அப்பால் விடப்பட்டிருந்த நிலத்தில் மீண்டும் ஏர் பூட்டினார்கள். நிறுத்த வேண்டும் என்று இரு அரசுகளும் எண்ணினால் நிறுத்த முடிகிறது. அந்த எண்ணம் வரும் நாளில் அதைக் கொண்டுசேர்க்க ஒரு வழி திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் திறந்திருப்பவை சில. 1988-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தாக்கக் கூடாத அணுமின் நிலையங்கள், அணு ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றின் பட்டியலை 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் கைமாற்றிக்கொள்கின்றன. கார்கில் நடந்த ஆண்டுக்கு மறு ஜனவரியிலும், பாலாகோட்டுக்கு மறு ஜனவரியிலும் அது தவறவில்லை. அதுபோலவே ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் தத்தம் சிறைகளில் உள்ள அடுத்த நாட்டவரின் பெயர்ப் பட்டியலையும் கொடுத்துக்கொள்கின்றன. சர் க்ரீக் கழிமுகத்துக்கு அப்பால் கடலில் எல்லை எது என்று இரு அரசுகளும் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தத் தெரியாத எல்லையைத் தாண்டியதற்காகப் பிடிபடும் மீனவர்களின் பெயர்களும் அதில் இருக்கும். நூர் கான் தளத்தில் ஏவுகணை விழுந்து ஐம்பத்திரண்டு நாள் கழித்து, 2025 ஜூலை 1 அன்று, டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் அந்தப் பட்டியல்கள் வழக்கம்போல் கைமாறின. இந்தியா கொடுத்த பட்டியலில் 81 மீனவர்கள். பாகிஸ்தான் கொடுத்த பட்டியலில் 193 மீனவர்கள்.